பிரேக்கை மிதித்தது யார்

மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

மோட்டார் சைக்கிளில் கூடை நிறையக் கீரைக்கட்டு வைத்திருந்த சீனத்து அம்மா திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலிருந்து முன்னே பின்னே பார்க்காமல் சாலையில் ஏறியது அவள்தான். கலாதேவி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கணவர் பக்கம் திரும்பினாள்.

டயாலிசிஸ் முடிந்து பக்கத்து இருக்கையில் துவண்டு கிடந்த பத்துமலை, சீட் பெல்ட் இழுத்த இழுப்பில் கண் விழித்தார்.

"நல்லவேளைலா, காடி நின்னுருச்சு," என்றார்.

காடி நின்னுருச்சாம். நீ நிறுத்தினாய் என்று கட்டின புருசன் வாயில் வரவில்லை.

அவளுடைய வலது கால் பிரேக்கின்மேல்தான் இருந்தது. ஆனால் கால் போய் மிதித்துக் கார் நின்றதா, கார் தானாக நின்ற பிறகு கால் போய் உட்கார்ந்துகொண்டதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

போன தீபாவளிக்கு வீட்டு வாசல் தூணில் பழைய காரை இடித்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணையும் காலையும் குடும்பத்தில் ஒருவரும் நம்புவதில்லை. மகன் ஷர்வின் கோலாலம்பூரிலிருந்து வந்து, எதிரே ஏதாவது குறுக்கிட்டால் தானே பிரேக் போடும் இந்தப் புதுக் காரை வாங்கிக் கொடுத்தான். கூடவே புள்ளிவிவரமும் கொடுத்தான். இந்த மாதிரிக் கார்கள் வந்த பிறகு விபத்து குறைந்திருக்கிறதாம்.

"ஆளுங்க ஒழுங்கா ஓட்டுறதால இல்லம்மா. காடி ஒழுங்கா இருக்கறதால."

அவள் விடவில்லை. காருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தன் காலுக்குத் தெரியும் என்று சண்டை போட்டாள். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரே ஒரு தடவை கார் அவளைக் காப்பாற்றினாலும் சரி, அதோடு அவள் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். காரும் கைவிடும் நாளில் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார் இல்லையா என்று அவன் கேட்ட பிறகுதான் அவள் ஒத்துக்கொண்டாள்.

வீடு இருக்கும் சுங்கை சிப்புட் வரைக்கும் வண்டியை ஊர்ந்துதான் ஓட்டினாள். புதுக் காருக்குப் பூசை போட்ட வெள்ளிக்கிழமையிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விடாமல் எரியும் மஞ்சள் விளக்கு இப்போதும் எரிந்தது. புதுக் கார் என்றால் விளக்கு எரியத்தான் செய்யும் என்று பத்துமலை அன்றைக்கே தீர்ப்பு சொல்லியிருந்தார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டாள். மறைத்திருக்கலாம். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள்.

"பாத்தியாம்மா! முன் கண்ணாடியில, மேல நடுவுல, ரெண்டு கண்ணு மாதிரி கேமரா இருக்கும். அதான் பாத்து நிப்பாட்டியிருக்கு. சாவிய ஆணியில மாட்டிடு. அப்பாவ ரூபன் அண்ணன் வாடகை வேன்ல அனுப்பிக்கலாம்."

ரூபன் நினைத்தால் வருவான், நினைக்காவிட்டால் வரமாட்டான். ரத்தம் சுத்தம் செய்து முடித்த மனிதர், நிற்கத் தெம்பில்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் அவனுக்காகக் காத்துக் கிடப்பார். அதைவிட, டயாலிசிஸுக்காக ஈப்போ போய் வரும் அந்தப் பாதையில் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் நேரம்தான் அவளுக்கு மூச்சு விடும் நேரம். இனி அதுவும் போயிற்று.

சாவியை மாட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனாலும் கார் மேல் என்ன கோபம்? அவரைப் பத்திரமாக வீட்டில் சேர்த்த கார். அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு கும்பிடாவது போடலாம் என்று ஈரத்துணியோடு வெளியே வந்தாள்.

முன் கண்ணாடியில், மேலே நடுவில் தேடினாள். கண்ணைக் காணோம்.

அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் இருந்தது. காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமத்தோடு.

பூசாரி சும்மா ஒரு பொட்டுதான் வைக்கப் போனார். "நெத்தியில நல்லா அப்புங்க சாமி, புதுக் காடி," என்று சொன்னவள் அவளேதான். மழை வந்தால் கரைந்துவிடும் என்று காரை வெளியே நிறுத்தக்கூட விடவில்லை. மழையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து கார் குருடாகத்தான் ஓடியிருக்கிறது. மஞ்சள் விளக்கு அதைத்தான் மாரடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கலாதேவி குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள்.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, பின்னாலேயே சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவள் கண் பார்த்திருக்கிறது. அவள் கால் மிதித்திருக்கிறது. அவரை அவள்தான் வீட்டில் சேர்த்திருக்கிறாள்.

"என்னலா தனியா சிரிக்கிற?" என்று உள்ளேயிருந்து பத்துமலை குரல் கொடுத்தார்.

எழுந்து சந்தனத்தைத் துடைத்தாள். இரண்டு கண்ணும் பளிச்சென்று வெளியே வந்தன. பாவம், இனி அதுவும் பார்க்கட்டும். இரண்டு பேராகப் பார்த்தால் நல்லதுதானே.

விரலில் ஒட்டியிருந்த ஈரச் சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, சாவியை எடுக்க உள்ளே போனாள்.