காதில் இரண்டு வெட்டு

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டியே பிறந்து வளர்ந்த சிலாந்தோய்க்கு இதுதான் முதல் சஃபாரி. வண்டி ஓட்டுவது மகன் பர்முவாட்.

"முன்சீட்டுல வனக்காவலர் இருக்கார். வாயத் திறந்தா என் வேலை போயிடும்மா."

"நான் பார்க்கத்தானே வந்தேன்."

அவள் புதர் புதராகப் பார்த்தாள்.

"உங்கம்மா எங்களைவிட ஆர்வமா இருக்காங்களே," என்று பயணிகள் சிரித்தார்கள்.

ஓடையருகே சிங்கம் இரையைக் கிழித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் படமெடுத்தார்கள். சிலாந்தோயின் கண் கலங்கியது.

"முதல் தடவை பார்த்தா அப்படித்தான் இருக்கும்," என்று ஒருத்தி அவள் தோளைத் தட்டினாள். "என்ன விலங்கு அது?"

"காட்டெருமை," என்றான் பர்முவாட், காவலரைப் பார்க்காமல்.

இரையின் காதில் இரண்டு வெட்டு தெரிந்தது. கன்றாக இருந்தபோது சிலாந்தோய் போட்ட அடையாளம். புல்லுக்காக நேற்று அந்தப் பசுவைத் தடையை மீறி இங்கே மேயவிட்டவன் பர்முவாட்தான்.

"ஆமா, எருமைதான்," என்றாள்.