எதிலிருந்து ஆரம்பிப்பது?

கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். அறுநூறு ராக் இசைத்தட்டுகளுக்குச் சொந்தக்காரரான, ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். சோபாவில் குறுக்கெழுத்துப் புதிரோடு அவர் மனைவி. வாசலருகே தயங்கி நின்ற கீழ்வீட்டு பேக்கரிக்காரர்.

"சார், ராக் மியூசிக் கேக்கலாம்னு ஆசை. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

மெக்கானிக் எழுந்து அலமாரி பக்கம் போனார். அவரிடம் இதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவராகப் பிடித்து உட்காரவைத்தவர்கள் மூன்று பேர். மூவருக்குமே முதல் ஆல்பம் தப்பாகிப் போனது. இருபத்திரண்டு நிமிட டிரம்ஸ் அடியைக் கேட்ட மைத்துனர், இப்போது நல்லது கெட்டதுக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. இந்த ஆளையும் கோட்டை விட்டால், சாகும்வரை சுவரோடுதான் பேச வேண்டும்.

"இன்னொரு குடும்பம் நாசமாப் போகப்போகுது," என்றாள் மனைவி, புதிரிலிருந்து தலை தூக்காமல்.

"நீ சும்மா இரு." ஒரு தட்டை உருவினார். "தம்பி, எல்லாரும் இவனுங்களோட டபுள் ஆல்பத்தைத்தான் முதல்ல நீட்டுவானுங்க. அது ஆளை வாசப்படியிலயே கொன்னுடும். நீங்க மூணாவது ஆல்பத்துல ஆரம்பிங்க. பாட்டு பாட்டா இருக்கும். லைவ் ஆல்பம் பக்கம் ஆறு மாசத்துக்குத் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

பேக்கரிக்காரர் கொட்டாவியை விழுங்கினார். ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டு, விடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர். புருவத்தில் மைதா அப்படியே இருந்தது. "இதைவிட சத்தமா எதுவும் இல்லையா சார்?"

"இருக்கு. ஆனா அதெல்லாம் படிப்படியா..."

"படியெல்லாம் வேணாம். நீங்க தினம் போடறதையே கொடுங்க. நேரா கிணத்துல குதிச்சுடறேன்."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. பாடகர் சட்டையைக் கிழித்துக்கொள்ளும் குழு, கிதாரை அடித்து உடைக்கும் குழு, ஏழு பேர் இருந்தும் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்காத குழு என்று பன்னிரண்டு தட்டுகளை அடுக்கினார். எந்தப் பக்கத்தை முதலில் போட வேண்டும் என்று ஒவ்வொரு அட்டையிலும் பென்சிலால் எழுதினார்.

"வீட்ல போட்டுக் கேக்க மிஷின் இல்லையே சார்."

பென்சில் நின்றது. பார்வை மெல்ல பிளேயர் பக்கம் போனது.

"அதெல்லாம் தர முடியாது," என்று மனைவி பேனாவை வைத்தாள். "கேட்டவுடனே தூக்கிக் கொடுத்துடறதா? முக்கியமா அந்த ஸ்பீக்கர் ரெண்டும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அவள் கூடாது என்ற எதையும் அவர் செய்யாமல் விட்டதில்லை. பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டு, எல்லாம் பத்து நிமிடத்தில் கீழே இறங்கின.

"சத்தத்தை மட்டும் குறைச்சுடாதீங்க தம்பி!" என்று மூச்சிரைக்க சோபாவில் விழுந்தார்.

தட்டுகளை அணைத்துக்கொண்டு கிளம்பிய பேக்கரிக்காரரின் பின்னாலேயே மனைவி வயர்ச் சுருளோடு வாசல்வரை போனாள். அதை அவர் தோளில் மாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து சொல்லிக் கொடுத்ததை அப்படியே பேசினீங்க. இனிமே பகல்ல நிம்மதியாத் தூங்குங்க. திருப்பிக் கேட்டார்னா, ஆரம்பமே இன்னும் பிடிபடலைன்னு சொல்லுங்க."

கதவைச் சாத்தி, இரண்டு சுற்று பூட்டினாள்.