குதிரையில் வந்த எலும்புக்கூடு

அநியாயம் நடந்தது அக்காவுக்கு. செய்தவள், சைக்கிள் கடை மாடியில் டாரட் சீட்டுப் போட்டுப் பலன் சொல்கிறவள். ஒரே ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, சாவு வந்திருக்கிறது என்று பயமுறுத்தி, பல் டாக்டரோடு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தையே நிறுத்திவிட்டாள்.

அதுவும் யாரை? ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற அக்காவை! மைக்ராஸ்கோப்பில் இரண்டு தடவை பார்க்காமல் எதையும் நம்பாதவளை!

அம்மா அழுதாள். அப்பா, "சாவுன்னு வந்தப்புறம் எதுக்கு வம்பு?" என்று கல்யாண ஹாலுக்குப் போன் போட்டு ரத்து செய்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து, அந்தச் சீட்டைப் பற்றி இருக்கிறதையெல்லாம் படித்து, பதினோரு பாயின்ட் எழுதிக்கொண்டு, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கோபம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷி. இப்படி ஒரு எதிராளி வாய்த்து எவ்வளவு நாளாயிற்று!

சீட்டுக்காரம்மா கால் இரண்டையும் ஒரு பேசின் வெந்நீரில் விட்டுக்கொண்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. கல்யாணமா, வேலையா?"

"சண்டை."

"அப்ப அந்த நாற்காலி வேணாம், உடைஞ்சிரும். இதுல உட்காரு."

"எங்கக்காவுக்குச் சாவுச் சீட்டு வந்துச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

சீட்டுக்காரம்மா ஒரு நொடி தயங்கினாள். "ரத்தம் டெஸ்ட் பண்ற பொண்ணா? ஆமாம்மா, நான்தான். திட்டணும்னா திட்டிக்கோ. முந்தாநாள் உங்கம்மா வந்து திட்டினாங்க. நேத்து மாப்பிள்ளையோட அத்தை. நல்ல குரல் அவங்களுக்கு. கீழே சைக்கிள்காரர் பஞ்சர் ஒட்டுறதை நிறுத்திட்டுக் கேட்டார்."

"நான் திட்ட வரல. வாதாட வந்திருக்கேன்."

"ஐயோ, அதுக்குத் திட்டே தேவலாம்."

"பாயின்ட் ஒண்ணு. அந்தப் படத்துல என்ன இருக்கு? எலும்புக்கூடு ஒண்ணு கவசம் மாட்டிக்கிட்டு வெள்ளைக் குதிரையில வருது."

"வருது."

"ராஜா கீழே விழுந்து கிடக்கார். ஆனா, சின்னக் குழந்தை பயப்படாம நிமிர்ந்து பார்க்குது. பின்னாடி ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன் உதிக்குது. அப்ப அர்த்தம் என்ன? பழசு போகுது, புதுசு வருது! கல்யாணத்துக்கு இதைவிட நல்ல சீட்டு உண்டா?"

"உதிக்குதுன்னு எப்படிச் சொல்ற? மறையுதோ என்னவோ?"

"அதுதான் பாயின்ட் நாலு!" வக்கீலம்மா துள்ளினாள். "குதிரை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க! சீட்டை எடுங்க, காட்டுறேன்."

"உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமா இருக்கே. சீட்டு எதுக்கு?"

"ஆதாரம் இல்லாம நான் பேசுறதில்ல."

அந்த அம்மா தடுப்பதற்குள் சீட்டுக்கட்டைப் பிடுங்கித் தரையில் பரப்பிவிட்டாள். சூரியன், நிலா, கோபுரம், கிண்ணம் கிண்ணமாக, வாள் வாளாக... எழுபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தேழு. எலும்புக்கூட்டைக் காணோம்.

"எங்கே அது?"

சீட்டுக்காரம்மாவின் பார்வை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேளாமல், மேஜைக்கு அடியில் போய் வந்தது.

வக்கீலம்மா குனிந்தாள். மேஜையின் குட்டைக் காலுக்கு நாலாக மடித்த சீட்டு ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. இழுத்தாள். மேஜை சாய்ந்தது.

"பிடி, பிடி!" என்று சீட்டுக்காரம்மா எழுந்த வேகத்தில் பேசின் கவிழ்ந்தது. ஒருத்தி மேஜையைப் பிடிக்க, இன்னொருத்தி கண்ணாடியைப் பிடிக்க, ராஜா ராணி எல்லாரும் வெந்நீரில் நீந்திக் கட்டிலுக்கு அடியில் போனார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்துக்கொண்டே மடிப்பைப் பிரித்தாள் வக்கீலம்மா. அதே சீட்டுத்தான். குதிரைக்கு மட்டும் முகம் இல்லை, மேஜைக்கால் தின்றிருந்தது.

"எத்தனை நாளா இது இங்கே இருக்கு?"

"மூணு வருஷம் இருக்கும். இதைப் பார்த்து ஒரு பெரியவர் மயக்கம் போட்டு விழுந்துட்டார். அன்னைக்கே மடிச்சுக் கீழே வெச்சுட்டேன். ஆளைப் பயமுறுத்தவா கடை போட்டிருக்கேன்?"

"எங்கக்கா வந்தது போன வாரம்."

சீட்டுக்காரம்மா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு ராணியை மீட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அக்காவுக்கு வந்தது எது?"

"எதுவுமே வரல. அவ சீட்டைத் தொடக்கூட இல்லம்மா. 'சாவுச் சீட்டு வந்துச்சுன்னு வீட்ல சொல்லப் போறேன். யாராச்சும் வந்து கேட்டா, ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. நானும் சரின்னுட்டேன்."

"அதுக்காகவா இத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கினீங்க?"

"காதுலதானே விழுது. தலையிலயா விழுது?"

வக்கீலம்மாவுக்கு மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை கோபம், அதுவும் அக்கா மேல்.

"பிடிக்கலன்னா எங்ககிட்ட வாயைத் திறந்து 'வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! எங்க வீட்ல அவ வாயை யாரு அடைச்சா?"

சீட்டுக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஆற அமரப் பார்த்தாள்.

"நாலு தடவை சொன்னாளாம். நாலு தடவையும் நீதானாமே வாதாடி ஜெயிச்சது?"