மஞ்சள் சட்டைகள் பதினொன்று

சேவியர் பதினொரு மஞ்சள் சட்டைகளையும் புல்லில் வரிசையாக விரித்து வைத்துவிட்டு, அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மீதிப் பத்துக்கும் ஆள் இல்லை.

குடியரசு தினத்தன்று காலை போபோடி மைதானத்தில் யூனியன் கிளப்பின் வருடாந்தரக் கால்பந்தாட்டம். கல்யாணமானவர்கள் நீலம், ஆகாதவர்கள் மஞ்சள். நீலத்தில் நாங்கள் பதினான்கு பேர், தொப்பையும் முட்டிப்பட்டையுமாக. மஞ்சளில் ஐம்பத்தெட்டு வயது சேவியர் மட்டும்.

"இன்னிக்கே பொண்ணு பாத்துடலாமா சேவியர்?" என்று எங்கள் பக்கத்திலிருந்து யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வருகிறேன் என்று சொல்லியிருந்த நான்கு பையன்களுக்கும் சாகண் ஃபேக்டரியில் ஷிப்ட் போட்டுவிட்டார்களாம்.

எல்லைக்கோட்டில் மனைவிமார் ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேரி அக்கா எனக்கு டீ ஊற்றிக்கொண்டே உன் வீட்டுக்காரி கிருஷ்ணப்ரியா எப்போது வருவாள் என்று கேட்டார். கோயம்புத்தூரில் அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், இன்னும் ஒரு மாதமாகும் என்றேன்.

ஒரு காலத்தில் இந்தக் கிளப்புக்கு மூன்று அணிகள் இருந்தன. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழர்கள் ஷிப்ட் முடிந்ததும் அப்படியே பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து ஆடியிருக்கிறார்கள். பிறகு அங்கே ஆள் எடுப்பது நின்றது, பையன்கள் வெளியூர் போனார்கள், லீக் அணி கலைந்தது. மிஞ்சியது இந்த ஓர் ஆட்டம்தான்.

நடுவர் ரஃபீக் பாயின் கையில் கிளப் நோட்டு இருந்தது. 1959 முதல் ஒவ்வொரு வருடத்து ஸ்கோரும் அதில் இருக்கிறது. ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. போர் முடிந்த கையோடு எழுபத்திரண்டில், இரட்டை ஷிப்டுக்கு நடுவே, பக்கத்துக்கு மூன்று பேரை வைத்து 4–1. கொரோனா வருடம், மாஸ்க் போட்டுக்கொண்டு, 2–2.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இந்த மராத்தி ஊரில் யாரோ தமிழில் திட்டிக்கொண்டே பந்தாடுகிறார்களே என்றுதான் இந்த மைதானத்துக்குள் நுழைந்தேன். அன்று அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு முன்னால் எதையும் இத்தனை விடாப்பிடியாகச் செய்த மனிதர்களை நான் பார்த்ததில்லை.

முதல் பக்கத்தில் விதிகள். ஒரு பக்கத்து ஆளை மறுபக்கத்துக்கு இரவல் தரக் கூடாது. பக்கத்துக்கு மூன்று பேராவது வேண்டும். ஆட்டம் நடக்காத வருடம் கிளப் கலைந்ததாகக் கொள்ளவும்.

ரஃபீக் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரைக்குள் இன்னும் இரண்டு பேர் வராவிட்டால் நோட்டை மூடிவிட வேண்டியதுதான் என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சேவியர் நடுவட்டத்தில் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, எங்கள் பதினான்கு பேரையும் பார்த்தபடி நின்றார். இரவல் கேட்டுக் கெஞ்சவில்லை.

அப்போதுதான் எங்கள் கோல்கீப்பர் கோவிந்தராஜ் கையுறைகளைக் கழற்றினார்.

"ரஃபீக் பாய், அமலா போயி பத்து மாசம் ஆச்சு. நான் இப்போ எந்த சைடு?"

ரஃபீக் பாய் நோட்டைப் புரட்டினார். அதில் பதில் இல்லை. கோவிந்தராஜ் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. நீலச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெறும் பனியனோடு நடுக்கோட்டைத் தாண்டிப் போனார். அமலா அக்கா இருந்தவரை அந்தச் சட்டையைத் துவைத்து, தேய்த்துக் கொண்டுவந்தது அவர்தான்.

ஒரு மனிதர் அப்படி நடந்து போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேவியர் தானே ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மணி எட்டு இருபத்தெட்டு. இன்னும் ஒருவர் வேண்டும்.

நீலத்தில் மிச்சமிருந்த பதின்மூன்று பேரும் சாலைப் பக்கம் பார்த்தோம். யாரும் வரவில்லை. சேவியர் மறுபடியும் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நான் என் நீலச் சட்டையைத் தலைவழியே கழற்றினேன்.

எல்லைக்கோட்டில் மேரி அக்கா ஊற்றிக்கொண்டிருந்த டீ டம்ளரைத் தாண்டி வழிந்தது.

கோர்ட்டிலிருந்து தாள் வந்து ஏழு மாதமாகிறது. நிக்டியில் இருக்கும் என் வீட்டு பீரோவில், கிருஷ்ணப்ரியாவின் புடவைகள் இருந்த தட்டில் வைத்திருக்கிறேன். ஆபீசிலும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

நடுக்கோட்டைத் தாண்டிப் போய், குனிந்து, கைக்கு அகப்பட்ட மஞ்சள் சட்டையை எடுத்தேன்.

சேவியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பையைப் பார்த்தார்.

"அது உனக்குப் பத்தாது ரவி. பதினோராம் நம்பர் எடு."