வேனுக்குள் ஒருவர்

“எறங்குங்க, எறங்குங்க! பை, செருப்பு எல்லாம் கெடக்கட்டும்!”

டிரைவர் மாரிராஜ் கத்திக்கொண்டே வேனை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். பானட் இடுக்கிலிருந்து கரும்புகை கிளம்பியது. பாளையங்கோட்டையில் ஏறியதிலிருந்து அவன் பேசியதே நாலு வார்த்தைதான். இப்போது போட்ட சத்தத்தில் சேரன்மகாதேவி வயல் கொக்குகளே எழும்பிவிட்டன.

பின்னால் உட்கார்ந்திருந்த ரிச்சர்டையும் அவன் தங்கை ரீபாவையும் இறக்கி, புகை வராத பக்கமாகத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்காதவர் ஒருவர்தான். அவர்களுடைய அப்பா நேசையா. ஸ்ட்ரெச்சரில் வார் போட்டுக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

“அப்பா உள்ள இருக்காவ!” ரிச்சர்ட் திரும்பி ஓடினான்.

மாரிராஜ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “வாரை அவுக்கதுக்குள்ள தீ உள்ள வந்துரும். ஒங்கள விட மாட்டேன். தங்கச்சி, நீ தீயணைப்புக்குப் போன் போடு!”

“அப்பா மேல தீ மட்டும் படக்கூடாது அண்ணாச்சி. அது மட்டும் நடக்கக் கூடாது!” ரீபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து வாழைத்தோட்டத்துக்காரர் அலி அஸ்கர், வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் மொண்டுகொண்டு ஓடி வந்தார்.

“தண்ணி வேண்டாம் அண்ணாச்சி! எண்ணெத் தீ, பரவிரும். பானட்டையும் தொடாதிய. தொறந்தா காத்து பட்டு மூஞ்சிக்கு அடிக்கும்.” இறங்கும்போதே கையோடு எடுத்து வந்திருந்த தீயணைப்புச் சிலிண்டரின் பின்னைப் பிடுங்கினான் மாரிராஜ்.

“ஏலே, உள்ள ஒரு மனுசன் கெடக்காருங்காவ. அவரைத் தூக்காம வண்டியையா காப்பாத்துத? நீயெல்லாம் ஒரு மனுசனாலே?”

மாரிராஜ் காற்று முதுகில் படும்படி நின்று, பானட்டைத் திறக்காமலே கிரில் வழியாகப் பொடியை அடித்தான். ஒரு பக்கம் அடங்கினால் மறுபக்கம் தீ எட்டிப் பார்த்தது. அனல் தாங்காமல் பின்னால் வந்தான். மறுபடியும் போனான். அவசரமே இல்லை அவனிடம்.

திட்டிக்கொண்டிருந்த அலி அஸ்கர் வாயை மூடிக்கொண்டார். பயல் கெட்டிக்காரன்தான், இந்த நிதானம் லேசில் வராது என்று தோன்றியது. உள்ளே இருப்பவரிடமிருந்து ஒரு முனகல்கூட வராததால், பின்கதவுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

சிலிண்டர் காலியானபோது தீயும் அணைந்திருந்தது. மறுபடி புகை கிளம்பவில்லை என்று நின்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே மாரிராஜ் பின்கதவைத் திறந்தான்.

“பயப்படாதிய பெரியவரே, நாங்க வந்துட்டோம்!” முந்திக்கொண்டு ஏறிய அலி அஸ்கர், போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைத் தொட்டார்.

சில்லென்று இருந்தன. பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“உசுரோட இருக்கவங்கள மொதல்ல பாத்தேன் அண்ணாச்சி,” என்றான் மாரிராஜ். “ஆனா, ‘என்னை எரிச்சிராதிய, ஒங்க அம்மைக்குப் பக்கத்துலயே பொதச்சிருங்க’ன்னு பிள்ளைகள்ட்ட சொல்லிட்டுக் கண்ண மூடியிருக்காவ. அவிய என் வண்டில வச்சு எரிஞ்சிரக் கூடாதுல்லா?”