மூலைக் கட்டம்

வாரம் மூன்று நாள் தணிகைவேலுவுக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரமும் இடது கையில் ஊசி, வலது கையில் பேனா, மடியில் நாளிதழின் சுடோகு. எல்லாம் நிரப்பிவிட்டு கீழ்மூலைக் கட்டத்தை மட்டும் காலியாக விடுவார்.

"அதையும் போட்டா என்னவாம்?" என்று மனைவி பூங்கொடி முதல் மாதமே கேட்டாள்.

"ஒண்ணு பாக்கி இருந்தாத்தான் மறுபடி வரத் தோணும்."

இரண்டு பஸ் மாறி வந்துபோவதிலேயே ஐந்து வருடம் தேய்ந்தது. இன்று மெஷின் நின்றதும் பேப்பரை அவளிடம் நீட்டினார்.

"போதும் பூங்கொடி."

அந்தச் சொல் அவள் நாக்கிலும் வெகுநாளாக இருந்ததுதான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். அவள் பேப்பரைப் பிரித்தாள். மூலையில் ஒன்பது எழுதியிருந்தது. அதை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். காகிதம் ஓட்டையான பிறகும் நிறுத்தவில்லை.