மூலை சேராத விரிப்பு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மதிய வெயில் உயரத்துச் சன்னல்கள் வழியே சாய்வாக இறங்கி, பஞ்சுத் தூசியை மிதக்க விடுகிறது. அக்காவும் தங்கையும் ஒரு படுக்கை விரிப்பின் இரு பக்கங்களைப் பிடித்து எதிரெதிரே நிற்கிறார்கள். உதறுகிறார்கள், வெள்ளைத்துணி மெல்ல எழும்பி இருவரையும் மறைத்துவிட்டு அடங்குகிறது. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிறார்கள். தங்கை தன் முனைகளை அக்காவின் விரல்களில் சேர்க்கிறாள், குனிந்து மடிப்பைப் பிடித்துப் பின்வாங்குகிறாள், மறுபடி வருகிறாள். பத்து வருடப் பழக்கம். அக்காவின் வீட்டிலிருந்து தங்கை ஒரு வார்த்தை சொல்லாமல் கணவனோடு தனி வீடு போன நாளிலிருந்து அக்கா அவளோடு பேசவில்லை. இருபது நாளாக, விரல்கள் தொட்டுக்கொள்ளும் அந்த நொடி மட்டும்தான் அவளுக்கு மிச்சம். சோப்பில் ஊறித் தடித்த அந்த விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன.

இது இன்றைய கடைசி விரிப்பு. மடித்து முடித்ததை அக்கா அடுக்கில் வைக்காமல் கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவுகிறாள்.

“மூலை சேரலை.”

தங்கை பார்க்கிறாள். மயிரிழை பிசகாமல் சேர்ந்திருக்கிறது.

“ஆமாக்கா,” என்கிறாள். “சேரலைதான்.”

“புது வீட்டுல யாருடி உனக்கு அந்தப் பக்கம் பிடிக்கிறா?”

“அவர்தான். பந்து மாதிரி சுருட்டிக் குடுத்துடறாரு.”

“அந்த மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமே.”

அக்கா விரிப்பை முழுவதும் பிரித்து, ஒரு பக்கத்தை அவளிடம் நீட்டுகிறாள். உதறுகிறார்கள். வெள்ளை எழும்பி இருவரையும் மறைக்கிறது. அது அடங்குவதற்குள் தங்கை நடக்கத் தொடங்கிவிடுகிறாள்.